அத்தைக்குப் பார்த்த கார்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு காரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அதுவும் எனக்கு அல்ல, என் மாமியாருக்கு. அப்போது எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. (இப்போதும் தெரியாது. இனிமேல் தெரிந்து என்ன ஆகப்போகிறது?) இருபது வருஷத்துக்கு மேலாக மலைப்பாதையில் ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்குக் கார் பார்க்கும் பொறுப்பை, ஸ்கூட்டர் ஓட்டுவதற்கே நாக்கைக் கடித்துக்கொள்ளும் ஒருவனிடம் ஒரு குடும்பம் ஒப்படைத்தது என்றால் அந்தக் குடும்பத்தின் புத்தியை என்னவென்று சொல்வது? அதைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டவனின் புத்தியை என்னவென்று சொல்வது? முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

எண்பதுகளின் நடுவில் நான் போடிநாயக்கனூரில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். விசை, உராய்வு, நெம்புகோல் எல்லாம் கரும்பலகையில் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடந்தன. அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

என் மாமியார் பெயர் பேச்சியம்மாள். அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. மாமா இறந்தபோது, மலைமேல் போடிமெட்டுக்கு அந்தப்புறம், கேரளப் பக்கம் இருந்த ஏலத்தோட்டத்தை யார் பார்ப்பது என்று உறவுக்காரர்கள் கூடி உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்களாம். அத்தை அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. வண்டிக் கொட்டத்தில் நின்ற ஜீப்பைத் தள்ளச் சொல்லி, தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் கொண்டுபோய், பத்து நாள் வட்டம் போட்டு ஓட்டக் கற்றுக்கொண்டார். பதினோராம் நாள் மலையேறிவிட்டார். உறவுக்காரர்கள் அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள் என்று என் மனைவி மல்லிகா சொல்வாள்.

அது பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப்பு. ஸ்டியரிங் இடதுபக்கம் இருக்கும். கதவு கிடையாது. மழை பெய்தால் உள்ளே இருப்பவர்கள்தான் அதிகமாக நனைவார்கள். வாரத்தில் மூன்று நாள் அத்தை அதில் மலைக்குப் போவார். தோட்டத்தில் சோலி இல்லாத வாரத்திலும் எதையாவது சோலியாக உண்டாக்கிக்கொண்டு போவார். போகும்போது முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, ஒரு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு மாதிரியான சந்தோஷத்தோடு உட்கார்ந்திருப்பார். வீட்டில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. (ஜீப்பில் பார்த்திருந்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.)

அந்த வருஷம் அவருக்கு இடது முழங்கால் வீங்கி இரண்டு வாரம் படுக்கையில் இருக்கும்படி ஆனது. மல்லிகா அதை மெட்ராசில் இருந்த தன் அண்ணனுக்கு எழுதினாள். என் மைத்துனர் ராஜேந்திரன் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறவர். மலையை ஜன்னல் வழியாகப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். அவரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, ஜீப்பு இனி ஆகாது, வயதானவர்கள் ஓட்டுவதற்கு ஏற்ற மாதிரி வசதியான ஒரு கார் பாருங்கள், நீங்கள் படித்தவர், உங்களுக்கு இதெல்லாம் தெரியும், முடிந்தால் அம்மா அறியாமல் செய்யுங்கள் என்று எழுதியிருந்தார்.

'படித்தவர்' என்ற ஒரு சொல்லுக்காக நான் எதையும் செய்வேன் என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் 'முதியோருக்கு உகந்த வாகனம்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். பிறகு ஊரெல்லாம் விசாரித்தேன். தலைமையாசிரியரைக் கேட்டேன். (அவரிடம் இருந்தது சைக்கிள்.) மருந்துக் கடைக்காரரைக் கேட்டேன். ஓவிய ஆசிரியரைக் கேட்டேன், அவர் நிறத்தைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் பேசினார். ஏறி இறங்கத் தாழ்வாக இருக்க வேண்டும், இருக்கை மெத்தென்று இருக்க வேண்டும், கண்ணாடி பெரிதாக இருக்க வேண்டும், வண்டி சின்னதாக இருக்க வேண்டும். இப்படிப் பதினேழு பக்கம் எழுதினேன். இந்தப் பதினேழு பக்கத்திலும் அத்தையை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் அவர் கையால் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டு, அவரைப் பற்றி ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன மாப்ளே, நோட்டும் கையுமா அலையிறீக?" என்று அவரே ஒருநாள் கேட்டார்.

"பரீட்சை வேலை அத்தை" என்றேன். அப்போது பரீட்சையே இல்லை.

மதுரையில் ஓய்வுபெற்ற ஒரு டாக்டர் தன் காரை விற்கப்போவதாகத் தகவல் கிடைத்தது. இளம்பச்சை நிறத்தில் சின்னக் கார். பெட்டிக்குள் வைத்த பொருள் மாதிரி பளபளவென்று இருந்தது. என்னோடு வந்த மெக்கானிக் காசி என்ஜினைத் திறந்து பார்த்து, வண்டி சுத்தமாக இருக்கிறது என்றார். நானும் பரிசோதித்தேன். எப்படி என்றால், பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டு முறை எழுந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். மெத்தென்று இருந்தது. நோட்டில் குறித்துக்கொண்டேன். ஓட்டுகிறவர் முன்சீட்டில் உட்காருவார் என்ற சின்ன விஷயம் பதினேழு பக்கத்தில் எங்கும் வரவில்லை.

காரை வாங்கினோம். காசி ஓட்டிவந்து தன் பட்டறையில் நிறுத்தினார். அங்கேதான் என் அறிவு உச்சத்துக்குப் போனது. மறுநாள் காலையில் ஒரு சோப்புக்கட்டி அளவுக்கு வேப்பங்கட்டை ஒன்றைச் செதுக்கி எடுத்துக்கொண்டு போனேன்.

"காசி, இதை ஆக்சிலேட்டருக்குக் கீழே வச்சு அடிச்சிருங்க. மிதி பாதிக்கு மேல கீழே போகக்கூடாது. வண்டி வேகமாப் போகாது. வயசானவங்க, பாருங்க."

காசி கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், தரையில ஓடும். மலைக்கு இது ஆகாது சார்."

"அவுக இனிமே மலைக்குப் போகமாட்டாக" என்றேன்.

அந்த வாக்கியத்தை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாளைக்கு வெயில் அடிக்கும் என்று சொல்கிற மாதிரி சொன்னேன். காசி சுத்தியலை எடுத்தார். கட்டையை ஆணி வைத்து அடித்து, மேலே ரப்பர் பாயை விரித்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை பக்கத்து ஊரான சிலமலைக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். மெட்ராசிலிருந்து ராஜேந்திரன் வந்திருந்தார். அத்தை பஸ் ஏறிய அரைமணி நேரத்தில் சின்னமனூரிலிருந்து ஒருவர் வந்து ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். முன்கூட்டியே விலை பேசி வைத்திருந்தோம். ஜீப்பு தெருமுனை திரும்பும்போது மல்லிகா வாசலில் நின்றுகொண்டு, "நீங்க ரெண்டு பேரும் செய்றது எனக்குப் புடிக்கல" என்றாள். அவளை யாரும் கவனிக்கவில்லை. நாங்கள் பச்சைக் காருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் அத்தை வந்தார். காரைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். பிறகு கொட்டத்துக்குள் போய், ஜீப்பு நின்ற இடத்தில் எண்ணெய் சிந்திக் கறுத்திருந்த தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று நினைத்தோம். வெளியே வந்து கைகழுவினார்.

"மல்லிகா, மாப்ளைகிட்டச் சொல்லு. காலையில ஆறு மணிக்கு மலைக்குப் போறோம். அவரும் வரணும். ஒங்கண்ணனும் வரணும்."

நான் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் நேராக 'மாப்ளே, வாங்க, சாப்பிடுங்க' என்று பேசிப் பழகியவர் அவர். அன்று மத்தியானத்திலிருந்து என்னோடு பேசுவதற்கு மல்லிகா தேவைப்பட்டாள்.

"அம்மா, அது மலைக்கு இல்லம்மா" என்று ராஜேந்திரன் இழுத்தார்.

"அப்ப எதுக்காம்?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் மாலையைச் சரிசெய்தேன்.

காலையில் நாங்கள் எழுவதற்குள் அத்தை காரில் லோடு ஏற்றியிருந்தார். தோட்டத்து ஆட்களுக்கு இரண்டு அரிசி மூட்டை, ஒரு டின் மண்ணெண்ணெய், மருந்தடிக்கிற பம்பு, ஒரு கூடை காய்கறி. ஜீப்பில் வழக்கமாகப் போகிற சாமான்தான். ஒன்றுகூடக் குறைக்கவில்லை. அதற்குமேல் நாங்கள் நான்கு பேர். காரின் பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்த்தது. அத்தை ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். அந்த மெத்தென்ற இருக்கையில் புதைந்தவர், முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்ப்பதற்குக் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. நான் பக்கத்தில். மூட்டைகளில் ஒன்றை மடியில் தாங்காத குறையாக மல்லிகாவும் மச்சானும் பின்னால்.

அடிவாரத்து முந்தல் வரைக்கும் சமதரை. வண்டி ஓடியது. ஆனாலும் அத்தை இரண்டு முறை காலைத் தூக்கித் தூக்கி மிதித்துப் பார்த்தார்.

"மல்லிகா, இது என்ன, எம்புட்டு மிதிச்சாலும் ஓட மாட்டேங்குது?"

"நமக்குப் புது வண்டில்லம்மா, அதான்" என்றாள் அவள்.

நான் ஜன்னல் வழியாக மாந்தோப்பை ரசித்தேன்.

முந்தலைத் தாண்டி ரோடு ஏறத் தொடங்கியதும் வண்டி முனகத் தொடங்கியது. அத்தை இரண்டாவது கியருக்கு வந்தார், பிறகு முதலாவதுக்கு வந்தார். நான்கைந்து வளைவு அவருடைய சாமர்த்தியத்தில்தான் ஏறியது. எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. கட்டையைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம்தான், ஏறிவிடும் என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எடை, சாய்வு, விசை. அடுத்த கொண்டை ஊசி வளைவில், பாதி திரும்பிய நிலையில், வண்டி நின்றுவிட்டது.

காலை நேரம் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று போடிக்காரர்களுக்குத் தெரியும். தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எங்களுக்குப் பின்னால் மூன்று ஜீப்பு, அதற்குப் பின்னால் பஸ், எதிரே இறங்கி வந்த ஒரு லாரி. எல்லாம் நின்றன. அத்தை மறுபடி கிளப்பினார். வண்டி ஒரு முழம் ஏறி, நடுங்கி, மறுபடி நின்றது. நான் இறங்கிப்போய்ச் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தேன். ஜீப்பிலிருந்த பெண்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

"ஏ, நம்ம பேச்சியம்மாடி. என்னக்கா, ஜீப்பு எங்க?"

இருபது வருஷத்தில் அந்த ரோட்டில் அத்தையின் வண்டிக்குப் பின்னால் யாரும் காத்து நின்றதில்லை. அவர்தான் மற்றவர்களிடம் வழிகேட்டு ஹாரன் அடிப்பார். அவருடைய பின்னங்கழுத்து சிவந்து போயிருந்ததைப் பார்த்தேன். பஸ் டிரைவர் இறங்கி வந்து, "நான் எடுத்துத் தரவாக்கா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதையை அத்தையால் தாங்க முடியவில்லை.

"நீ போய் பஸ்ஸுல உக்காரு தம்பி" என்றார்.

பிறகு அவர் கீழே இறங்கி, ரோட்டில் மண்டியிட்டு, வீங்கின முழங்காலோடு மண்டியிட்டு, ரப்பர் பாயைத் தூக்கினார்.

சாமான்களில் கிடந்த வெட்டுக்கத்தியை எடுத்து நெம்பினார். ஆணி கிரீச்சென்று வந்தது. கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். அதில் என் கையெழுத்தில் அளவு வேறு பென்சிலால் குறித்திருந்தது. (வாத்தியார் புத்தி.)

"மல்லிகா, இது என்னன்னு மாப்ளைகிட்டக் கேளு."

"என்னங்க இது?" என்றாள் மல்லிகா. அவளுக்கு நிஜமாகவே தெரியாது.

உலகத்தில் எத்தனையோ பொய்கள் இருக்கின்றன. எனக்கு ஒன்றும் வரவில்லை. "வேகமாப் போகாம இருக்கிறதுக்கு அத்தை. ஒரு பாதுகாப்புக்கு. நீங்க இனிமே மலைக்குப் போகப்போறதில்லைன்னு நெனச்சு..."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாதியிலாவது நிறுத்தினேனே என்று இப்போது ஆறுதல்பட்டுக்கொள்கிறேன். அதுவும் ஆறுதல் இல்லை, ஏனென்றால் சொல்ல வேண்டியது முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

"அப்ப நான் எங்க போவேன்னு நெனச்சாராம்? கேளு."

"கோயிலுக்கு" என்றேன் நானே.

"கோயிலு எங்க வீட்டுக்கு எதுத்தாப்ல இருக்கு" என்றார் அத்தை, ஜீப்பிலிருந்த பெண்களைப் பார்த்து. "ரோட்டத் தாண்டினா கோயிலு. அதுக்கு இவரு எனக்குக் காரு வாங்கியிருக்காரு."

மூன்று ஜீப்பும் ஒரு பஸ்ஸும் சிரித்தன. நான் மச்சானைப் பார்த்தேன். கடிதம் எழுதியவர் இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். ராஜேந்திரன் காரிலிருந்து மெதுவாக இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஊர் அறியச் சொன்னார்:

"என்ன மாப்ளே, இப்படியா செய்வீக? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அந்த மனிதரை அந்த வளைவிலிருந்து கீழே தள்ளாமல் விட்டது என் வாழ்க்கையில் நான் காட்டிய பெரிய பொறுமை.

அத்தை கட்டையை முன்கண்ணாடிக்குக் கீழே, எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். ஏறி உட்கார்ந்தார். "ஆம்பளைக ரெண்டு பேரும் கீழேயே நிக்கட்டும். நீ முன்னாடி வந்து உக்காருத்தா."

"மூட்டைய எறக்கிரலாம்மா, அது கனம்" என்றார் மச்சான்.

"மூட்டை தோட்டத்துக்கு வேணும்."

பெண்கள் இறங்கிவந்து தள்ளினார்கள். நானும் தள்ளினேன். அத்தை ஒரே மிதி. அந்தச் சின்னக் கார் எங்கிருந்து அவ்வளவு சத்தத்தை எடுத்தது என்று தெரியவில்லை, கல்லைச் சிதறவிட்டுக்கொண்டு பாய்ந்தது. நான் தள்ளிய வேகத்தில் முன்னால் விழுந்து, கையையும் வேட்டியையும் கிழித்துக்கொண்டேன். எழுந்து பார்க்கும்போது வண்டி அடுத்த வளைவில் இருந்தது.

எங்களை ஒரு ஜீப்பு ஏற்றிக்கொண்டது. பதினெட்டுப் பெண்களுக்கு நடுவில் இரண்டு பேர், ஒற்றைக்காலில். "வாத்தியாரய்யா, உக்கார எடமில்ல, ஒரு கட்டையப் போட்டு உக்காருங்க" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "எம்மகன் உங்ககிட்டத்தான் படிக்கிறான் சார்" என்றாள் பணிவாக. அந்தப் பணிவைக் கேட்டதும் இது பள்ளிக்கூடம் வரைக்கும் போகும் என்று தெரிந்துவிட்டது. நினைத்தபடியே செவ்வாய்க்கிழமை என் வகுப்பு மேஜைமேல் ஒரு மரக்கட்டை இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

போடிமெட்டில் இறங்கி, மீதி தூரத்தை நடந்தோம். வழி முழுக்க நானும் மச்சானும் சண்டை.

"நீங்கதான மச்சான் கடுதாசி எழுதுனீக?"

"காரு பாக்கச் சொன்னேன். கட்டை வைக்கவா சொன்னேன்?"

"வேகமாப் போகாம எதாவது செய்யச் சொன்னீகளா இல்லையா?"

"எங்க, காட்டுங்க பாப்போம். கடுதாசியக் கொண்டாங்க."

கடிதம் வீட்டில் இருந்தது. தோட்டத்து வாசலில் காவலுக்கு நின்ற வர்கீஸ் எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு, "அம்மச்சி ஸ்டோரில் உண்டு சாரே. நிங்கள் நடன்னோ வன்னது?" என்றார். நடந்தா வந்தீர்கள் என்று அவர் மலையாளத்தில் கேட்ட விதத்தில் அனுதாபம் இருந்தது. அன்று முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே அனுதாபம்.

ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்துகிற இடம். அத்தை உள்ளே ஒரு தட்டிலிருந்து காயை அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே நின்றோம். பிறகு அவரே ஒரு டம்ளர் பாலில்லாத கட்டன் சாயா கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். முதல்முறையாக மல்லிகா இல்லாமல் பேசினார்.

"மாப்ளே, எனக்கு மொழங்கால் வலி இருக்கு. இல்லைன்னு சொல்லல. அந்த ஜீப்புக்குக் கிளட்சு கல்லு மாதிரி. மிதிச்சா உசிரு போகும். அதை மாத்தணும்னு நானே நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். கிளட்சு மெத்துனு இருக்கணும், ஒசரமா உக்காரணும், ரெண்டு மூட்டை ஏத்துனா மூச்சு வாங்கக்கூடாது. அம்புட்டுதான். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

நான் சாயாவை ஒரு வாய் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

"எனக்கு வண்டி ஓட்டப் புடிக்கும். உங்களுக்குச் சாயங்காலமானா சீட்டு வெளையாடப் புடிக்கும். நான் உங்க சீட்டுக்கட்ட வித்தேனா?"

பதில் சொல்ல முடியாத கேள்விகளை வகுப்பில் நான்தான் கேட்பேன். அன்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"போயி எஞ் ஜீப்பக் கொண்டாங்க, வெரசா" என்றார்.

கொண்டுவர முடியவில்லை. சின்னமனூர்க்காரர் அதை ஒரு டூரிங் சினிமாக் கொட்டகைக்கு விற்றுவிட்டிருந்தார். நான் போய்க் கெஞ்சினேன், கொட்டகைக்காரர் மறுத்துவிட்டார். மேல்துணியைக் கழற்றி, இரண்டு பக்கமும் தட்டி கட்டி, ஒலிபெருக்கி வைத்து, படத்துக்கு நோட்டீஸ் போட ஊர் ஊராக அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அது எங்கள் தெருவுக்கும் வரும். தெருவெல்லாம் நோட்டீசுக்கு ஓடும். அத்தை வாசலில் நின்று சத்தத்தைக் கேட்பார். "ரெண்டாவது கியரு அரையுது. எவனும் எண்ணெ மாத்தல" என்பார். அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார். அந்த வெள்ளிக்கிழமைகளில் நான் வீட்டின் பின்பக்கம் போய்விடுவேன். ஊர் சிரித்ததற்கு எனக்கு ஊர்மேல் கோபம், மச்சான் நழுவியதற்கு அவர்மேல் கோபம். பின்பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது மட்டும் யார்மேல் கோபம் என்று எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அதன்பிறகு அத்தை தானே வண்டி பார்த்தார். என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஆலோசனைக்கு அல்ல. தேனி, கம்பம், மதுரை என்று எந்த ஊருக்குப் போனாலும், முதலில் கிளட்சைப் பத்து முறை மிதித்து முழங்காலைத் தடவிப் பார்ப்பார். உட்கார்ந்தபடி முன்னால் எவ்வளவு ரோடு தெரிகிறது என்று பார்ப்பார். பிறகு ஏதாவது ஒரு ஏற்றத்துக்குக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பார்ப்பார். அதற்குமுன், "மாப்ளே, பின்னாடி ஏறி உக்காருங்க. லோடு ஏறுதான்னு பாக்கணும்" என்பார். ஏழு வண்டியில் நான் லோடாக ஏறி இறங்கினேன். எட்டாவது, கம்பத்தில் ஒரு தோட்டக்காரர் வைத்திருந்த ஜீப்பு. ஏற்றத்தில் அது அலுங்காமல் கிளம்பியபோது அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பழைய முகம். துண்டு கட்டாத குறைதான்.

எழுபத்துமூன்று வயது வரைக்கும் அதை ஓட்டினார். பிறகு ஒருநாள் கண் சரியாகத் தெரியவில்லை என்று அவரே சொல்லி, சாவியை மல்லிகாவிடம் கொடுத்தார். மல்லிகா அதற்குள் அவரிடம் நன்றாக ஓட்டக் கற்றிருந்தாள். பச்சைக் காரை மச்சான் மெட்ராசுக்குக் கொண்டுபோய், கட்டை இல்லாமல், ஒரு தொந்தரவும் இல்லாமல் பல வருஷம் ஓட்டினார். நல்ல கார்தான். அவமானம் எனக்கு, கார் அவருக்கு.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். அத்தை இறந்து சில வருஷம் கழித்துப் பழைய காகிதங்களைக் கழிக்கும்போது மச்சானின் கடிதம் கிடைத்தது. இத்தனை வருஷமாக நான் தேடிய சாட்சி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். கார் பார்க்கச் சொல்லியிருந்தார், அம்மா அறியாமல் செய்யச் சொல்லியிருந்தார். வேகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கட்டை முழுக்க முழுக்க என் மூளையில் விளைந்தது. கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்து அடுப்பில் போட்டேன். மச்சான்மேல் இருந்த கோபம் அதனால் குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கூடிவிட்டது.

போன வருஷம் என் மகள் போன் செய்தாள். மல்லிகாவுக்கு அறுபத்தைந்து முடிந்துவிட்டது, இன்னும் தினமும் வண்டி எடுக்கிறாள். "அம்மாவுக்குப் புதுசா ஒரு கார் வாங்கலாம்னு இருக்கேன்ப்பா. அவங்க வயசுக்கு எது சரியா இருக்கும்?" என்று கேட்டாள்.

"அதை உங்கம்மாகிட்டக் கேளு" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். இரண்டு நாள் என்னோடு அவள் பேசவில்லை.

மல்லிகா தானே போய்ப் பார்த்து ஒன்றை எடுத்தாள். எங்கள் குடும்பத்தில் யார் வண்டி வாங்கினாலும் ஒரு வழக்கம் இருக்கிறது. எலுமிச்சம்பழத்தை நசுக்குவதற்கு முன்னால் யாராவது ஒருவர் குனிந்து ஆக்சிலேட்டருக்குக் கீழே கைவிட்டுப் பார்ப்பார். பிறகு எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். அண்மையில் கல்யாணமாகி வந்த மருமகளுக்குக்கூட இது தெரியும். அன்றைக்கு அந்தச் சடங்கைச் செய்வதற்கென்றே சென்னையிலிருந்து ராஜேந்திரன் மச்சான் வந்திருந்தார். எழுபத்தைந்து வயது, கையில் தடி. இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, முக்கி முனகிக் குனிந்து, கையை விட்டுத் துழாவினார்.

"கட்டை ஒண்ணும் இல்லை" என்று அறிவித்தார். "நான் அன்னைக்கே சொன்னேன், மாப்ளே கேக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். காட்டுவதற்கு என்னிடம் கடிதமும் இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். மல்லிகா வண்டியைக் கிளப்பி, கண்ணாடியில் என்னைப் பார்த்து, "லோடு ஏறிருச்சா?" என்று கேட்டாள்.